தீ முந்துவதும் உரல் முந்துவதும்

நன்றாக முற்றிக் காய்ந்த வெள்ளைப்பூண்டுத் தலை ஒன்றைக் கையிலெடுத்து, தோலைக் கிழிக்காமலும் பல்லை நசுக்காமலும் மூக்கினருகே கொண்டுசென்று முகர்ந்து பார்த்தால், தேசந்தோறும் அடுக்களைகளை நிறைத்து நிற்கும் அந்தப் பிரசித்தமான நெடி அதில் இல்லை என்பது எவருக்கும் எளிதில் புலப்படும். காய்ந்த தோலின் மணமும் சிறிது மண்வாசனையும் வருமேயன்றி வேறொன்றும் வராது. அதே தலையிலிருந்து ஒரு பல்லை உரித்து, கத்தியின் தட்டைப் பக்கத்தை அதன்மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாலோ, சில விநாடிகளுக்குள் கண்ணையும் மூக்கையும் தாக்கும் காரநெடி அறை முழுவதும் பரவிவிடுகிறது. ஆகவே பூண்டின் நெடி என்பது பூண்டுக்குள் ஒளிந்திருந்து வெளிப்படும் பொருளன்று. பூண்டு காயம்படுகின்ற அந்த க்ஷணத்தில், அந்தக் காயத்தினாலேயே, புதிதாக உற்பத்தியாகும் பொருள். இந்த ஓர் உண்மையை மனத்தில் ஸ்திரமாக வாங்கிக்கொண்டவருக்கு, சுட்ட பூண்டை மசித்து எண்ணெயோடு சேர்த்துக் கடைந்து, ரொட்டிக்கும் வெந்த காய்கறிக்கும் தொட்டுக்கொள்ளச் செய்யும் வழுவழுப்பான தொடுகறியின் ரகசியத்தில் பாதி விளங்கிவிட்டது என்று சொல்லலாம். மற்றப் பாதி எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கொள்ளும் உறவைப் பற்றியது. இரண்டு பாதிகளிலும் ஊடுருவி நிற்பது ஒரே தத்துவம்: இந்தப் பதார்த்தத்தின் குணத்தை நிர்ணயிப்பது, அதில் என்னென்ன பொருள்கள் சேர்ந்தன என்பதைக் காட்டிலும், அவற்றில் எது முந்திச் சேர்ந்தது, எது பிந்திச் சேர்ந்தது என்பதே.

பூண்டுப் பல்லின் சதைக்குள் கண்ணுக்குப் புலனாகாத அறைகள் ஏராளம். அவற்றுள் சிலவற்றில், கந்தகம் கலந்ததும் மணம் சிறிதும் இல்லாததுமான அல்லீன் என்னும் பொருள் சேமிக்கப்பட்டிருக்கிறது. வேறு சிலவற்றில், அல்லினேஸ் என்னும் நொதி தனியே அடைபட்டிருக்கிறது. இவ்விரண்டும் பிரிந்திருக்கும் வரையில் பூண்டு சாதுவானது. பல்லைக் கடிக்கும்போதும், வெட்டும்போதும், உரலில் இட்டு இடிக்கும்போதும் அறைகளின் சுவர்கள் உடைகின்றன. நொதி அல்லீனைச் சென்று தொடுகிறது. தொட்டதும் அல்லீன் பிளவுபட்டு, அதன் துண்டுகள் இரண்டிரண்டாகக் கூடி அல்லிசின் என்னும் காரப் பொருளாக மாறுகின்றன. இந்த மாறுதல் அதிவேகமாக நடந்து, மிகச் சில நிமிஷங்களில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அல்லிசினோ நிலையற்ற சுபாவமுடையது; உற்பத்தியான நேரம் முதற்கொண்டே அது சிதைந்து, வேறு பல கந்தகச் சேர்மங்களாக உருமாறத் தொடங்குகிறது. பூண்டு அரைத்த அம்மியில் மறுநாளும் தங்கி நிற்கும் மணம் அந்தப் பின்வந்த சேர்மங்களுடையது.

இதைக் கண்டுபிடித்த சரித்திரமே நம் கருத்துக்கு ஒரு சான்றாக நிற்பதால், அதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். 1844ஆம் ஆண்டில் தியோடர் வெர்த்தைம் என்னும் ரசாயன அறிஞர் பூண்டைக் கொதிநீராவியில் வடித்து, கடுமையான மணமுள்ள ஓர் எண்ணெயைப் பிரித்தெடுத்தார். 1892இல் செம்லர் என்ற ஜெர்மானியர் அதே முறையில் வடித்த எண்ணெயைச் சோதித்து, அதில் பெரும்பங்கு டைஅல்லைல் டைசல்ஃபைடு என்னும் கந்தகச் சேர்மமே என்று நிர்ணயித்தார். பூண்டின் சாரம் இதுதான் என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1944இல் அமெரிக்காவில் காவலிட்டோ, பெய்லி என்னும் இருவர், கொதிக்கவைக்காமல், சாதாரண அறை உஷ்ணத்தில், சாராயத்தைக் கொண்டு பூண்டின் சாரத்தை இறக்கியபோது, முன்னவர்கள் கண்டிராத அல்லிசின் அவர்கள் கையில் கிடைத்தது. அது பல கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1948இல், ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்தில் ஸ்டால், ஸீபெக் என்னும் இருவர் பூண்டை உறைகுளிருக்கும் கீழான நிலையில் வைத்துச் சாராயத்தால் சாரம் இறக்கினார்கள். அந்தக் குளிரில் நொதி செயலற்றுக் கிடந்தமையால், மணமே இல்லாத அல்லீன் முதன்முறையாக வெளிப்பட்டது. கொதிநிலையில் ஒரு பொருள், அறை உஷ்ணத்தில் வேறொரு பொருள், உறைநிலையில் மற்றொரு பொருள் என்று, ஒரே பூண்டு மூன்று தலைமுறை அறிஞர்களுக்கு மூன்று விடைகளை அளித்தது. மூன்றும் மெய்யே. பூண்டு எதை அடைந்த பின்பு எதை அடைந்தது என்பதைப் பொறுத்து விடை மாறிற்று.

தாவரத்திற்கு இப்படிப்பட்ட ஓர் ஏற்பாடு எதற்கு என்று கேட்டால், தன்னைக் கடித்துத் தின்ன வரும் பிராணியையும் பூச்சியையும் விரட்டுவதற்கே என்பதுதான் தாவர நூலார் தரும் விடை. எப்போதும் நஞ்சைச் சுமந்துகொண்டிருப்பது தாவரத்துக்கே ஆபத்தாதலால், கடிபடும் சமயத்தில் மட்டும் அது பிறக்கும்படி இயற்கை வகுத்திருக்கிறது. நம் நாவிலும் உதட்டிலும் வலியையும் சூட்டையும் உணர்த்தும் நரம்பு முனைகளில் சில புரதக் கதவுகள் இருக்கின்றன; அல்லிசின் அவற்றைத் திறந்துவிடுவதை 2005இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின. மிளகாயின் காரம் எந்தக் கதவைத் திறக்கிறதோ, அதையும் அல்லிசின் தட்டுகிறது என்பது குறிப்பிடத்தக்கது. எனவே பச்சைப் பூண்டு நாக்கைச் ‘சுடுகிறது’ என்று நாம் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சன்று. உடம்பைப் பொறுத்தவரை அது ஒருவகைச் சூடுதான்.

இனி, தீ முந்தினால் என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். முழுப் பூண்டை, பற்களைப் பிரிக்காமலும் நசுக்காமலும், அப்படியே உஷ்ணத்தில் வைக்கும்போது, அறைகளின் சுவர்கள் தளர்ந்து அல்லீனும் நொதியும் சந்திக்கத்தக்க நிலை வருவதற்குள், நொதியே உஷ்ணத்தால் தன் வடிவமிழந்து பயனற்றுப் போகிறது. நொதி ஒரு புரதம். 60 டிகிரி செல்ஸியஸைத் தாண்டியதும் அது குலையத் தொடங்கி, மேலும் சூடேறியதும் முற்றும் செயலற்றதாகிவிடுகிறது. பிறகு அந்தப் பூண்டை எவ்வளவுதான் மசித்தாலும் அல்லிசின் பிறப்பதில்லை. பிறப்பிக்க வேண்டிய நொதி முன்னமே அழிந்துவிட்டதல்லவா? காரம் போனதும், அது மறைத்து வைத்திருந்த இனிப்பு மேலே வருகிறது. அதனோடு நில்லாமல் புதிய இனிப்பும் உண்டாகிறது. பூண்டு தன் உணவைப் பெரும்பாலும் மாவுப் பொருளாகச் சேமிப்பதில்லை. ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை அணுத்திரள்கள் சங்கிலியாகக் கோத்த ஃபிரக்டான் வடிவில் சேமிக்கிறது. நீர் நீங்கிய பூண்டின் எடையில் பாதிக்கும் மேற்பட்டது இந்தச் சங்கிலியே. சங்கிலியாக இருக்கும் வரையில் அதற்கு இனிப்பு அநேகமாக இல்லை. நீடித்த உஷ்ணத்தில் அதில் ஒரு பகுதி அறுந்து, தனித்தனிப் பழச்சர்க்கரையாக உதிர்கிறது. சதையின் அறைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசையும் இளகுவதால், கல்லைப் போல் கெட்டியாயிருந்த பல் விரலால் பிதுக்கினால் வழிந்து வரும் விழுதாகிறது. சர்க்கரையும் புரதத்தின் கூறுகளாகிய அமினோ அமிலங்களும் உஷ்ணத்தில் கூடிப் பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான புதிய மணங்களும் உண்டாவதை 1912இல் முதன்முதலாக விவரித்தவர் பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மயார். சுட்ட பூண்டின் விளிம்பிலே தோன்றும் அந்தத் தேன்நிறம் அவர் கண்ட வினையின் வேலையே.

வெதுப்பியின் முள் 200 டிகிரியைக் காட்டினாலும், பூண்டின் உட்புறம் அந்த உஷ்ணத்தை அடைவதில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பூண்டின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு அளவு நீர் இருப்பதால், அந்த நீர் ஆவியாகித் தீரும் வரையில் உட்சதையின் உஷ்ணம் கொதிநிலையாகிய 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். மயாரின் வினை அந்த நிலையில் மிக மெதுவாகவே நடக்கும்; ஈரம் வற்றிய விளிம்பிலும் நுனியிலுமே அது விரைவு கொள்கிறது. ஆதலால் பூண்டைச் சுடுவதில் பொறுமைக்குப் பதிலாக அதிக நெருப்பைக் கொடுத்தால், மேற்புறம் கருகிக் கசந்து உட்புறம் வேகாமல் நிற்பதைத் தவிர வேறு பயன் விளையாது. தலையின் மேல்நுனியை, பற்களின் முனை தெரியும் அளவுக்குச் சீவி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, அலுமினியத் தாளில் பொதிந்து, 200 டிகிரியில் நாற்பது முதல் ஐம்பது நிமிஷம் வைப்பது மேல்நாட்டு வீடுகளின் வழக்கம். சீவிய முகத்தில் மட்டும் சிறிது அல்லிசின் பிறந்து, தீயில் மறைந்துவிடும். வெதுப்பி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கனமான இரும்பு வாணலியில், உரிக்காத பற்களைப் பரப்பி, மூடியிட்டு, சிறு தீயில் அவ்வப்போது புரட்டிவிட்டால், சுமார் அரைமணி நேரத்தில் அவை தோலுக்குள்ளேயே வெந்து குழைந்துவிடும். சளி பிடித்த குழந்தைக்குத் தணலில் சுட்ட பூண்டைக் கொடுக்கும் நம் வீட்டு மூதாட்டிகளின் வழக்கத்திலும், உரிக்காமல் சுடுவது என்பதே விதி. ரசாயனம் அறியாமலே சரியான வரிசையை அவர்கள் கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள்.

உரல் முந்தித் தீ பிந்தினால் கதை வேறு. இடித்த பூண்டில் அல்லிசின் பிறந்துவிடுகிறது; பிறகு சூடேறும்போது அது டைசல்ஃபைடு முதலிய சேர்மங்களாக உடைந்து, எண்ணெயில் கரைந்து, தாளிப்பு மணமாக விரிகிறது. நாம் அன்றாடம் வாணலியில் காணும் மணம் இதுவே. சுட்ட பூண்டின் சாந்தமான மணத்தோடு இதற்கு ஒப்பில்லை. அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் 2001இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இங்கே நினைவுகூரத்தக்கது. முழுப் பூண்டை முதலில் சூடாக்கிவிட்டால், எலிகளின் உடலில் புற்றுநோய்க்கு எதிராக அது காட்டும் சில விளைவுகள் மறைந்துவிடுகின்றன என்றும், நசுக்கிப் பத்து நிமிஷம் வைத்திருந்து பிறகு சூடாக்கினால் அவற்றில் ஒரு பகுதி எஞ்சுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். எலிகளிடம் கண்ட ஒன்றை மனிதருக்கு மருந்தென்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் தீக்கும் உரலுக்கும் இடையேயுள்ள முன்பின் முறை பத்து நிமிஷ இடைவெளியில் எவ்வளவு பெரிய வேறுபாட்டை விளைவிக்கிறது என்பதற்கு அது சிறந்த சாட்சி. புளிப்பின் விஷயத்திலும் இவ்வாறே. அல்லினேஸ் கடும்புளிப்பில் வேலை செய்யாது. ஆகவே பச்சைப் பூண்டை எலுமிச்சைச் சாற்றிலேயே போட்டு அரைத்தால் காரம் அடங்கியிருக்கும். முதலில் அரைத்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துச் சாறு பிழிந்தால், பிறந்துவிட்ட அல்லிசினை அந்தச் சாறு திரும்பவும் அல்லீனாக்க முடியாது. பொருள்கள் இரண்டே, விளைவோ இருவேறு.

பூண்டையும் எண்ணெயையும் ஒன்றுசேர்த்துக் கடையும் கலைக்குத் தாயகம் மத்தியதரைக் கடலின் கரைகள்தாம். ஸ்பெயின் தேசத்தின் கட்டலோனியாவில், பூண்டும் உப்பும் ஆலிவ் எண்ணெயும் தவிர வேறொன்றும் சேர்க்காமல், கல்லுரலில் குழவியால் சுற்றிச் சுற்றியே அல்லியோலி செய்வது பழைய முறை. பிரான்ஸின் தென்பகுதியாகிய ப்ரோவான்ஸில் மஞ்சட்கருவையும் சேர்த்து அயோலி என்று செய்கிறார்கள். வேகவைத்த உப்புமீன், உருளைக்கிழங்கு, காரட், அவரை, முட்டை ஆகியவற்றைப் பெரிய தட்டங்களில் பரப்பி, நடுவே இதை வைத்து, ஊரெல்லாம் கூடி உண்பது அங்கே ஒரு விழா. அந்த நாட்டு மொழியின் மகாகவியும், 1904இல் நோபல் பரிசு பெற்றவருமாகிய பிரெடெரிக் மிஸ்த்ரால், 1891இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்கே இந்தத் தொடுகறியின் பெயரைச் சூட்டினார் என்றால், அதன்மீது அந்த மக்கள் வைத்திருக்கும் அபிமானத்தை அளவிட்டுக்கொள்ளலாம். லெபனான் நாட்டார் முட்டையின்றி, பூண்டு, உப்பு, எலுமிச்சை, எண்ணெய் இவற்றால் வெள்ளை வெளேரென்று தூம் செய்கிறார்கள். இவை யாவும் பெரும்பாலும் பச்சைப் பூண்டின் வீரியத்தை நாடுபவை. அதே உரலில் பச்சைப் பூண்டுக்குப் பதிலாகச் சுட்ட பூண்டை இடுவதே நாம் பேசும் தொடுகறி. வீரியம் குறைந்து மென்மை மிகும் இந்த வடிவமே, என் அபிப்பிராயத்தில், பூண்டின் முழு ருசியை அறிவதற்கு ஏற்றது. காரத்தின் கூச்சலில் கேட்காமற்போன பல சுவைகள் இங்கேதான் நாவுக்கு எட்டுகின்றன.

எண்ணெயும் நீரும் சேராதவை என்பதைச் சிறுவர்களும் அறிவார்கள். ஆனால் சேராத இரண்டையும் நுண்ணிய அளவில் கலந்து நிறுத்த முடியும். அந்த நிலைக்குப் பால்மம் என்று பெயர். பசும்பால் இயற்கை செய்த பால்மம். நாம் உரலில் செய்வது செயற்கை. எண்ணெயைத் துளிகளாக உடைத்து நீருக்குள் சிதறவைப்பதுதான் வேலையென்றாலும், அந்த வேலை எவ்வளவு பெரியது என்பது கணக்கிட்டாலன்றித் தெரியாது. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலிட்டர் எண்ணெயை, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிகளாக உடைப்பதாக வைத்துக்கொள்வோம். துளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 23,000 கோடி. அவற்றின் மேற்பரப்புகளையெல்லாம் ஒன்றாக விரித்துப் பரப்பினால் 18 சதுர மீட்டர், ஒரு பெரிய அறையின் தளத்தளவு. கரண்டியில் கையகலமும் இல்லாத எண்ணெய்க்கு அத்தனை பரப்பு! இந்தப் பரப்பு முழுவதிலும் எண்ணெய் நீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் அதில் விருப்பமில்லை. சற்று ஓய்ந்தால் துளிகள் ஒன்றையொன்று சேர்ந்து பெருத்து, மேலே மிதந்து பிரிந்துவிடும்.

அதைத் தடுப்பதற்கு மத்தியஸ்தம் செய்யும் பொருள் ஒன்று வேண்டும். ஒரு முனையால் நீரையும் மறு முனையால் எண்ணெயையும் நாடும் அணுத்திரள்களே அந்த மத்தியஸ்தர்கள். முட்டையின் மஞ்சட்கருவில் லெசிதின் என்னும் அத்தகைய பொருள் இருப்பதை 1840களில் பாரிஸ் நகரத்து மருந்தறிஞர் கோப்லே பிரித்தறிந்தார். அதனோடு மஞ்சட்கருவின் புரதங்களும் சேர்ந்து ஒவ்வொரு துளியையும் போர்த்திக் காக்கின்றன. பூண்டிலும் இத்தகைய சக்தி சிறிது உண்டு. கட்டலோனியாவின் உரலில் முட்டையின்றியே பால்மம் நிற்பது அதனால்தான். ஆனால் அது பலவீனமான துணை. பச்சைப் பூண்டைப் பொறுமையாக அரைத்து அரைத்தே அதைப் பெற வேண்டும். சுட்ட பூண்டின் விழுது வேறொரு வகையில் உதவுகிறது. இளகிய பெக்டினும், அறுபடாமல் எஞ்சிய ஃபிரக்டானும், சதையின் நுண்ணிய நார்களும் துளிகளுக்கு இடையிலுள்ள நீரைத் தடிப்பாக்குவதால், துளிகள் ஒன்றையொன்று தேடிச் செல்வதற்கு வழி குறுகிவிடுகிறது. ஆகவே மஞ்சட்கருவும் சுட்ட பூண்டும் கூடுமிடத்தில் பால்மம் இரட்டைக் காவலைப் பெறுகிறது.

எண்ணெய் சேரச் சேரத் தொடுகறி இளகுவதற்குப் பதிலாகக் கெட்டிப்படுவது முதன்முறை செய்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். காரணம் வடிவ கணிதத்தில் இருக்கிறது. ஒரே அளவுள்ள எலுமிச்சம்பழங்களைக் கூடையில் எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும், கூடையின் கொள்ளளவில் நூற்றுக்கு 74 பங்குக்குமேல் பழங்கள் நிரம்ப மாட்டா, மீதி இடைவெளியே. கோளங்களை இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று 1611இல் கெப்லர் கருதினார். அதற்கு முழு நிரூபணம் 1998இல் தாமஸ் ஹேல்ஸ் என்னும் கணித அறிஞர் அளிக்கும் வரையில் கிடைக்கவில்லை. எண்ணெய்த் துளிகளும் கோளங்களே. அவற்றின் பங்கு இந்த எல்லையை நெருங்கும்போது துளிக்குத் துளி இடித்துக்கொண்டு, நகர இடமின்றி, ஒன்றையொன்று தட்டைப்படுத்தி நிற்கின்றன. துளிகள் பலவேறு அளவினவாக இருப்பதால் பெரியவற்றின் இடுக்கில் சிறியவை புகுந்து, எல்லையையும் சற்றுத் தாண்டலாம். இரண்டு திரவங்கள் கூடி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டிப் பொருளாவது இவ்வாறுதான்.

இங்கேயும் வரிசையே ஆட்சி செய்கிறது. கிண்ணத்தில் முதலில் இருக்க வேண்டியது நீர்ப்பகுதி; அதாவது மஞ்சட்கருவும், பூண்டு விழுதும், ஒரு சிறு கரண்டி எலுமிச்சைச் சாறும், உப்பும். அதற்குள்ளே எண்ணெய் வர வேண்டும். அதுவும் தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாக வர வேண்டும். முதல் சில சொட்டுகள் நுண்துளிகளாக உடைந்து நிலைபெற்ற பிறகு, அடுத்து வரும் எண்ணெய் அந்தத் துளிகளின் நெருக்கத்தில் சிக்கி, உராய்ந்து, எளிதில் உடைந்துவிடும். ஆகவே பாதி எண்ணெய் சேர்ந்ததும் மெல்லிய தாரையாக விடலாம். ஆரம்பத்திலேயே கிண்ணத்தில் எண்ணெய் பெருகிவிட்டால் நிலைமை தலைகீழாகி, நீர் சிறு துளிகளாகவும் எண்ணெய் சூழ்ந்த கடலாகவும் மாறி, கலவை நீர்த்துக் குலைந்துவிடும். ஒரு மஞ்சட்கருவுக்கும் இரண்டு தலைப் பூண்டின் விழுதுக்கும் 150 மில்லிலிட்டர் எண்ணெய் அளவாக இருக்கும். ஆலிவ் எண்ணெயை மட்டும் மின்அரைப்பானில் வேகமாக அடித்தால் கசப்புத் தட்டுவது சமையற்காரர் பலரின் அனுபவம். ஆதலால் பெரும்பங்கு சூரியகாந்தி எண்ணெயைப் போன்ற சாதுவான எண்ணெயைக் கொண்டு கடைந்து, கடைசியில் ஆலிவ் எண்ணெயைக் கையால் கலப்பது நலம். கலவை மிகவும் இறுகி, எண்ணெய் மினுமினுத்து மேலே தோன்றினால், மத்தியஸ்தர் போதவில்லை என்று எண்ணி இன்னொரு முட்டையை உடைக்க வேண்டாம், ஒரு மஞ்சட்கரு பல லிட்டர் எண்ணெயைத் தாங்க வல்லது, குறைந்துபோனது நீர். ஒரு கரண்டி வெதுவெதுப்பான நீரை விட்டால் துளிகளுக்கு இடம் கிடைத்து, கலவை மீண்டும் தெளிவடையும். முற்றிலும் திரிந்து பிரிந்துவிட்டதையும் வீணென்று கொட்ட வேண்டியதில்லை. வேறொரு சுத்தமான கிண்ணத்தில் ஒரு கரண்டி நீரையோ புதிய மஞ்சட்கருவையோ எடுத்துக்கொண்டு, திரிந்த கலவையைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டுக் கடைந்தால், அதே பொருள்கள் சரியான வரிசையில் மறுபடியும் நுழைவதால், பால்மம் உயிர்பெறுகிறது.

பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். ஆகையால் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், முதியோருக்கும் முட்டை சேர்த்ததைக் கொடுக்காதிருப்பதே விவேகம். அவர்களுக்கும், முட்டை உண்ணாதவர்களுக்கும் தயிர் கைகொடுக்கும். துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்த கெட்டித்தயிரின் புரதங்கள் எண்ணெய்த் துளிகளைப் போர்த்துவதில் சமர்த்தானவை; ஒரு கிண்ணம் தயிருக்கு மூன்று நான்கு கரண்டி எண்ணெய் போதும்; கெட்டித்தன்மையைத் தயிரே தந்துவிடுவதால் எண்ணெயை 74 பங்கு வரை ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. பூண்டு உண்டவரின் மூச்சில் நெடுநேரம் வீசும் மணத்துக்குக் காரணமான அல்லைல் மீதைல் சல்ஃபைடு என்னும் சேர்மம், இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே வெளிவருவது. பல் துலக்குவதால் அது தீராது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2010இல் நடந்த பரீட்சையில், பால் அந்த மணத்தைத் தணிக்கிறது என்றும், பூண்டு தின்ற பின்பு பால் குடிப்பதைக் காட்டிலும் பூண்டோடு சேர்த்தே பாலை உட்கொள்வது அதிகப் பலனளிக்கிறது என்றும் தெரியவந்தது. தயிரும் பூண்டும் ஒரே கிண்ணத்தில் கூடுவதற்கு இதுவும் ஒரு நியாயம்.

மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இனிமேல் வருவது. சுட்ட பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து, ஜாடியில் அடைத்து, அலமாரியில் வைத்துக்கொண்டால் வேண்டும்போது எடுத்துக் கடையலாமே என்று தோன்றுவது இயல்பு. அப்படிச் செய்யவே கூடாது. 1985ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் உண்ட முப்பதுக்கும் மேற்பட்டோர் பொட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்கு ஆளானார்கள். எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டு குளிர்ப்பெட்டியில் வைக்கப்படாமல் இருந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. மண்ணில் எங்கும் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள், மண்ணுக்குள் விளையும் பூண்டில் ஒட்டியிருப்பது சாதாரணம். காற்றுள்ள இடத்தில் அவை முளைப்பதில்லை. எண்ணெயோ காற்றை முற்றும் விலக்குகிறது. பூண்டில் ஈரம் உண்டு, புளிப்பு இல்லை. அறையின் வெதுவெதுப்பும் சேர்ந்தால் வித்துகள் முளைத்து, நரம்புகளைச் செயலறச் செய்யும் நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சுக்கு மணமும் ருசியும் இல்லாததால் முகர்ந்து பார்த்து அறிய வழியில்லை. பூண்டைச் சுட்டிருக்கிறோமே என்ற தைரியமும் செல்லாது. இந்த வித்துகளை அழிக்க 121 டிகிரியில் மூன்று நிமிஷ ஈர உஷ்ணம் வேண்டும், சுடும் பூண்டின் உட்புறமோ 100 டிகிரியைத் தாண்டுவதில்லை என்று முன்பே கண்டோம். 1989இல் நியூயார்க் மாநிலத்திலும் மூவர் இதே வகையில் நோயுற்றதை அடுத்து, எண்ணெயிலிட்ட பூண்டை விற்போர் அதில் அமிலமோ, கிருமியைத் தடுக்கும் வேறு பொருளோ சேர்த்தாக வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம் கட்டளையிட்டது. புளிப்பின் அளவைக் குறிக்கும் பி.எச். எண் 4.6க்கு மேல் ஏறாதவரை அந்த வித்துகள் முளைப்பதில்லை. தொழிற்சாலைகளில் பூண்டை எண்ணெயில் இடுவதற்கு முன்பே அமிலத்தில் ஊறவைப்பது இதற்காகவே. வீட்டில் இந்த எண்ணை அளந்தறிய வசதியில்லை. எலுமிச்சைச் சாறு பூண்டின் உட்புறம்வரை ஊடுருவிற்றா என்பதையும் கண்ணால் அறிய முடியாது. ஆகவே அன்றன்றைக்கு வேண்டிய பூண்டை அன்றன்றே சுட்டு, கடைந்ததில் முட்டை சேர்ந்திருந்தால் அன்றைக்கே உண்டு தீர்த்துவிட வேண்டும்; தயிரில் செய்ததில் மிஞ்சியதை மூடிய சிறு கிண்ணத்தில் 4 டிகிரிக்கு மேற்படாத குளிர்ப்பெட்டியில் உடனே வைத்து, இரண்டு மூன்று நாள்களுக்குள் உபயோகித்துவிட வேண்டும்; சாப்பாட்டு மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை எடுத்து வைக்கக் கூடாது.